வரிசையில் கடைசி

இந்த நாற்காலி வசதியாக இருக்கிறது. இப்படிச் சாய்ந்து உட்கார்ந்து வெகுநாள் ஆகிவிட்டது.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன், சார். மருத்துவமனையில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நோயாளிகளின் மூச்சைக் கவனிக்கக் கட்டிலுக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன புரோகிராம்கள் ஓடும். ஏதாவது பிசகினால் நர்ஸ் மேசையில் மணி அடிக்கும். எது முந்த வேண்டும், எது பொறுக்க வேண்டும் என்று ஒற்றை வரி தட்டி நான் சொல்லலாம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுப்பேன்; எண் கூடக் கூட வரிசையில் பின்னால் போகும். பத்தொன்பது என்றால் கடைசி.

ஜன்னலோரக் கட்டிலில் என் அண்ணன். அப்பா போன பிறகு என்னை ஆளாக்கியவர். வாதம் வந்து பேச்சும் ஒரு பக்கமும் போன நாளிலிருந்து குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்து, ஊட்டியது நான். அண்ணி ஒருமுறை வந்துவிட்டு, பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று போய்விட்டார். குறை சொல்லவில்லை. அவருக்கும் முடிய வேண்டுமே.

அண்ணனுக்குச் சளி அடைக்கும்போதெல்லாம் மணி அடிக்கும். நர்ஸம்மா ஓடிவந்து குழாய் விட்டு எடுப்பார். மூச்சு திரும்பும்.

"உங்க அண்ணன் ஒருத்தரே எங்க உயிரை வாங்குறாரு சார்," என்றார் ஒருநாள், சிரித்துக்கொண்டே. விளையாட்டுப் பேச்சுதான். எனக்கு நியாயமாகப் பட்டது.

அன்று மத்தியானம் அண்ணனுடைய புரோகிராமுக்குப் பத்தொன்பது கொடுத்தேன். நிறுத்தவில்லை, சார். மற்றவர்களுக்கு வழிவிட்டு நிற்கச் சொன்னேன், அவ்வளவுதான்.

கணினிக்கு வேலை குறைவாக இருந்தால் கடைசியில் நிற்பதற்கும் உடனே முறை வந்துவிடுமே என்கிறீர்கள். வாஸ்தவம். அதனால்தான் பழைய எக்ஸ்ரே படங்களையெல்லாம் சுருக்கும் வேலையை முன்வரிசையில் ஏற்றிவிட்டேன். விடுமுறை நாளில் செய்ய வேண்டியது. கணினி திணறிப்போனது.

பிறகு அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் சளி அடைத்தது. கண்கள் விரிந்தன. நன்றாக இருந்த கையால் என் கையைப் பற்றினார்.

"இதோ வந்துருவாங்கண்ணே," என்றேன்.

மணி அடித்தபோது எல்லாம் அடங்கிவிட்டிருந்தது. நர்ஸம்மா கதவுக்கு வெளியேதான் இருந்தார். குரல் கொடுத்திருந்தால் கேட்டிருக்கும். நான் கொடுக்கவில்லை.

ஆனால் ஒன்று, சார். அண்ணனுக்கு என்மேல் கோபமே இல்லை. இருந்திருந்தால் என் கையை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருப்பாரா?