அப்பாவின் இடது பக்கம்

எங்கள் வீட்டில் மாலை ஏழரைக்கு டிவி போடுவார்கள். அதற்குள் அம்மா பாத்திரம் கழுவி முடித்திருப்பாள். அப்பா முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு, சோபாவின் நடுவில் உட்கார்ந்திருப்பார். எங்கேயோ கிளம்புகிறவர் போல இருக்கும்.

அப்பா சாலமோன், கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பி ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த இரைச்சலில் வலது காது முழுதாகப் போய்விட்டது. இடது காதில், வாயைக் கிட்டே வைத்துச் சொன்னால் கேட்கும். டிவியின் சத்தத்தைக் கூட்டிப் பயனில்லை. அதனால் அம்மா இடது பக்கம் உட்கார்ந்து, அதில் பேசுவதை வரிவரியாகத் திருப்பிச் சொல்வாள். வெறுமனே சொல்ல மாட்டாள். "இவ பொய் சொல்றா, மூஞ்சியப் பாத்தாலே தெரிது" என்று தன்னுடையதையும் சேர்ப்பாள். சில நேரம் அங்கே யாரும் பேசாததையும் சொல்வாள். தொடரில் அழுதுகொண்டிருப்பார்கள், எங்கள் ஹாலில் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு வலது பக்கம்.

நான் மூத்தவள். திருமணம் ஆகவில்லை. சிப்காட்டில் ரப்பர் பாகங்கள் செய்யும் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். தம்பி பென்னி குடும்பத்தோடு கோயம்புத்தூரில் இருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு வருவான். அவன் வரும்போது அப்பா ரயில் நிலையம் வரை நடந்து போவார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அம்மா அப்பாவை "பென்னிப்பா" என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் பக்கத்தில் புருஷனைப் பெயர் சொல்லி அழைக்கமாட்டார்கள். பிள்ளையின் பெயரைச் சேர்த்து அழைப்பார்கள். பெரும்பாலும் மூத்த பிள்ளையின் பெயர். பென்னி பிறக்கும்வரை அவர் சுகிர்தாப்பாவாக இருந்திருக்க வேண்டும். எனக்கு நினைவில்லை. யாரையும் கேட்டதுமில்லை.

சூப்பர்வைசராக உயர்வு கிடைத்த அன்று இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தேன். வலது பக்கம் நின்று அப்பாவிடம் சொன்னேன். அவர் திரும்பவில்லை. அம்மா கையைக் காட்டி, இந்தக் காட்சி முடியட்டும் என்றாள். முடிந்தது. விளம்பரம் வந்தது. சோப்பு விளம்பரம். அதையும் அவள் அவருக்குச் சொன்னாள். நான் டப்பாவைச் சமையலறையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். அவள் சோப்பு நுரையைப் பற்றி என்ன சொன்னாளோ, அப்பா சிரிப்பது குளியலறைவரை கேட்டது.

அந்த வாரம்தான் டிஷ் வைக்கிறவருக்கு போன் செய்தேன்.

பொன்னேரியிலிருந்து சின்னராசு என்பவர் வந்தார். கேபிளை எடுத்துவிட்டு மாடியில் டிஷ் வைத்தார். ஹாலில் இருந்த டிவி அப்பாவுக்கு. அவர்களுடைய படுக்கையறைக்கு ஒன்று, அம்மாவுக்கு. என் அறைக்கு ஒன்று. ஒவ்வொரு அறையிலும் தனித்தனி பாக்ஸ். அவரவர் விரும்பியதைப் பார்க்கலாம். ஒயரைச் சுவரோரமாக இழுத்து, கிளிப் அடித்து, சுத்தமாகச் செய்தார். மாடியில் கைப்பிடிச் சுவரில் படிந்திருந்த ஆலைத் தூசியைக் கூடத் துடைத்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தார்.

"ஊட்டுக்குள்ள மூணு பாக்ஸு, மேல ஒரே டிஷ்ஷு, அத்த மட்டும் ஞாபகம் வச்சிக்க மேடம்" என்றார். "மேகம் கட்டிக்கினா மூணும் ஒண்ணாத்தான் பூடும். அப்பால என்னத் திட்டக்கூடாது."

அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குடி ரெண்டு பேருக்கும் ரெண்டு டிவி? நாங்க இன்னா சண்டையா போட்டுக்கினோம்?"

அவளைச் சமையலறைக்குள் அழைத்துப்போய், அவள் ஓயாமல் பேசுவது அப்பாவுக்குத் தலைவலியாக இருக்கிறது, அவளிடம் சொல்லச் சங்கடப்படுகிறார் என்று சொன்னேன். அவள் அடுப்பு மேடையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். பிறகு, பரவாயில்லை, ஜெப நிகழ்ச்சி பார்க்க வசதிதான் என்றாள்.

அப்பாவிடம், அம்மா கோயிலுக்குப் போயிருந்தபோது, இடது காதில் சொன்னேன். தினமும் அவ்வளவு பேசி அவளுக்குத் தொண்டை வலிக்கிறது. ஜெப நிகழ்ச்சியை நிம்மதியாகப் பார்க்க ஆசைப்படுகிறாள். அவர் உடனே தலையாட்டினார். இவ்வளவு நாள் தனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கப்பட்டார். ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுப்பதில் அவர்களுக்குப் பழக்கம் உண்டு. அதனால் இரண்டு பேரும் இதைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்ளவே இல்லை. பேசமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

அப்பாவுக்கு நல்ல ஹெட்போன் வாங்கிக் கொடுத்தேன். அதில் அவருக்கு இரைச்சல்தான் கேட்டிருக்கும். நான் வாங்கியது என்பதால் மாட்டிக்கொண்டார். ஒரு அறையின் சத்தம் இன்னொன்றுக்கு இடைஞ்சல் என்று அம்மா கதவைச் சாத்திக்கொண்டாள். பக்கத்து வீட்டு ஜோதிலட்சுமி அக்கா வந்து மூன்று டிவியையும் பார்த்துவிட்டு, பெற்றால் இப்படி ஒரு பெண்ணைப் பெறவேண்டும் என்றார்.

அப்பா கபடி பார்ப்பார். நடுவில் எதையோ சொல்ல இடது பக்கம் திரும்புவார். அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். ஒரு நாள் நான் அந்த இடத்தில் உட்காரப் போனேன். அப்பா தன் துண்டை மடித்து அங்கே வைத்தார்.

"அங்க வாணாம்மா. அவ வந்தா ஒக்காருவா."

அதற்குப் பிறகு நான் என் அறையில் டிவி பார்த்தேன்.

ஐப்பசியில் ஒரு மாலை. நான் எல்லோரிடமும் சொன்னது இதுதான்: மூன்று அறையிலும் டிவி ஓடிக்கொண்டிருந்தது, அம்மா கூப்பிட்டிருந்தாலும் என் காதில் விழுந்திருக்காது. டாக்டர் தலையாட்டினார். பென்னி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். பாஸ்டர், உன்னையே குற்றம் சொல்லிக்கொள்ளாதே மகளே என்றார். சின்னராசு சொன்னதைத் தவறாமல் நினைவில் வைத்திருந்தவள் நான் மட்டும்தான்.

தெற்கே பொன்னேரிப் பக்கம் மேகம் அடைத்துவிட்டது. டிஷ் பார்ப்பது அந்தத் திசையை. எங்கள் தெருவில் இன்னும் ஒரு துளி விழவில்லை, காற்றுகூட இல்லை. என் டிவியில் படம் கட்டம் கட்டமாக உடைந்து, நின்றது. சிக்னல் இல்லை என்று வந்தது. அதே நொடியில் மற்ற இரண்டும் நின்றன. வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. ஜி.என்.டி. சாலையில் லாரி போவது கேட்டது.

அப்போது அம்மா கூப்பிட்டாள். "பென்னிப்பா."

ஏதோ ஒரு டம்ளர் விழுந்து உருண்டது. மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை பெயர் முழுதாக வரவில்லை. நாக்கு புரளாதவர்கள் பேசுவது போல, முதல் எழுத்து வழுக்கிக்கொண்டு போனது.

எங்கள் கம்பெனியில் வருடந்தோறும் பாதுகாப்பு வகுப்பு உண்டு. வாய் கோணினால், ஒரு கை தொங்கினால், பேச்சு குழறினால், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று படம் போட்டுச் சொல்லித்தருவார்கள். எங்கள் பிரிவின் சுவரில் அந்தப் படத்தை ஒட்டியது நான்தான்.

நான் எழுந்தேன். அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். எழுந்து, அவள் அறைக் கதவுவரை போனேன். கையைக் கைப்பிடியில் வைத்தேன்.

அவள் கூப்பிட்டது என்னை இல்லை. அந்த நிலையிலும் என் பெயர் வரவில்லை.

அதற்குள் அப்பா ஹாலில் எழுந்து வந்தார். ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டிருந்தார். அவருக்கு எதுவும் கேட்டிருக்கவில்லை. டிவி நின்றதால் வந்தார். பள்ளி விட்ட பிள்ளை போல முகம் இருந்தது.

"சிக்னல் பூடுச்சு" என்றார். "அது வர்ற வரைக்கும் அவகிட்ட பேசிக்கினு இருக்கேன். தொண்ட வலிச்சா அவ பேச வாணாம். நான் பேசறேன்."

நான் அவருடைய இடது காதில் வாயை வைத்தேன். அவர் சட்டையில் சோப்பு வாசனை வந்தது.

"அம்மா தூங்கறாங்கப்பா."

அவர் கதவைப் பார்த்தார். சத்தம் போடக்கூடாது என்று எனக்கே விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். பாதம் அழுந்தாமல் நடந்து சோபாவுக்குத் திரும்பினார். நான் பின்னால் போனேன். துண்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே அதை எடுத்தார்.

மழை வந்தது, விட்டது, சிக்னல் திரும்பியது. ஏதோ ஒரு பழைய படம். நான் அவருக்கு வரிவரியாகச் சொன்னேன். அம்மா மாதிரி சேர்த்துச் சொல்ல எனக்கு வராது. ஆனால் சரியாகச் சொன்னேன், ஒன்றும் விடவில்லை. ஒரு இடத்தில் அவர் சிரித்தார். உயர்வு கிடைத்ததை அப்போது சொன்னேன். என் தலையில் கை வைத்து, இதை ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று கேட்டார்.

படம் முடிந்து படுக்கப் போனபோது அவர்தான் கதவைத் திறந்தார்.

அம்மா சென்னையில் ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்தாள். கண் திறக்கவில்லை. முன்னாடியே கொண்டுவந்திருந்தால் பிழைக்க வைத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். நான் அதை அப்பாவிடம் சொல்லவில்லை. அவருடைய காதில் எதைச் சொல்வது என்பதை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

மற்ற இரண்டு பாக்ஸையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது ஹாலில் ஒன்றுதான். ஏழரைக்குப் போடுகிறேன். ஹெட்போன் தேவையில்லை. நான் இடது பக்கம் உட்காருகிறேன். அவர் தனியாக இல்லை. முதலிலிருந்தே நான் நினைத்தது அவர்களுடைய வசதியைத்தான். கணக்குப் பார்த்தால் அப்பாவுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

நேற்று மேகம் கட்டி, டிவி நின்றது. அவர் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, நான் பதில் சொல்ல வசதியாக, இடது காதை என் பக்கம் சாய்த்தார்.

"அன்னிக்கும் இப்டித்தான் நின்னுச்சு. அவ தூங்கறான்னு சொன்னியேம்மா, கதவத் தொறந்து பாத்துட்டா சொன்ன?"