ஓதின கற்கண்டு

அம்ஹா: மதினி, நான் யாரு?

அஸ்பியா: இன்னொருக்கா கேட்டா அகப்பையால அடிப்பன்.

அம்ஹா: சொல்லுங்களன். நான் யாரு?

அஸ்பியா: என்ட புருசன்ட தங்கச்சி. பேரு அம்ஹா. பின்னேரம் அசர் தொழுத கையோட வந்து என்ட மூஞ்சியவே பாத்துக்கிட்டு இரிக்கிற விசரி. போதுமா?

அம்ஹா: அல்ஹம்துலில்லாஹ். அறிவு தெளிவாத்தான் இரிக்கி.

றம்ஸீன்: அம்ஹா, அவவ விடு. நோம்போட நிக்கிறவட வாயக் கிண்டாத.

அஸ்பியா: சொல்லிட்டார் என்ட புருசன், பெரிய மனிசன்! நீங்க மட்டும் என்னவாம்? மத்தியானம் லுஹர்ல இருந்து குசினி வாசல்ல கதிரையப் போட்டுக்கிட்டு... இண்டைக்கு ஏன் கடலுக்குப் போகல்ல?

றம்ஸீன்: காத்து சரியில்ல.

அஸ்பியா: ஒலுவில் துறைமுகத்துல இருந்து எல்லாட வள்ளமும் போயிருக்கி. உங்கட வள்ளத்துக்கு மட்டும் காத்து சரியில்லயாக்கும்.

அம்ஹா: என்ட காக்கா பயந்துதான் இரிக்கார் மதினி. நானும்தான். போன நோம்புல, இதே நேரம், இதே அடுப்படியில... றப்பே! கொதிக்கிற கஞ்சிப் பானைய முத்தத்துல கவுத்துட்டு, என்னப் பாத்து “யாரு நீ?” எண்டு கேட்டீங்களே! வேர்த்துக் கொட்டுது, கண்ணு ஒரு மாதிரிச் சொருகுது...

அஸ்பியா: எனக்கு ஒண்டும் நெனவில்ல.

அம்ஹா: எனக்கு நல்லா நெனவிரிக்கி. அந்த அகப்பையத் தாங்க. நான் கிண்டுறன்.

அஸ்பியா: தரமாட்டன். நானே கிண்டி, நானே இறக்கி, நானே ஊத்துவன். போன வருசம் நான் குடுத்தனுப்பின கஞ்சிய இந்தத் தெருவுல ஒரு ஊட்டுலயும் வாயில வெக்கல்ல. ஷாஹினா லாத்தா கோழிக்கு ஊத்தினாவாம். ஜின் பிடிச்சவள்ட கைக் கஞ்சி எண்டு.

அம்ஹா: அதெல்லாம் என்னத்துக்கு இப்ப...

அஸ்பியா: இப்பத்தான் கதைக்கணும். சின்ன வயசுல இருந்து ஒரு நோம்பும் ஒழுங்காப் பிடிக்கல்ல. வெட்கத்துல யாருக்கும் சொல்லவுமில்ல. கல்யாணம் முடிச்சி வந்த இடத்துல பட்டப்பேர் வேற. இண்டைக்கு நோம்பு தொறக்கிற வாங்கு சொல்ற வரைக்கும் நான் நிண்டு காட்டணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்.

றம்ஸீன்: யாருக்குக் காட்டணும் புள்ள? டொக்டரே நோம்பு பிடிக்கலாம் எண்டு சொல்லிட்டார்.

அஸ்பியா: டொக்டர் சொன்னத்துக்குப் பொறகும் கதிரையப் போட்டுக்கிட்டு இரிக்கிற ஆளுக்கு!

அம்ஹா: ஹி ஹி... மாட்டுப்பட்டார் காக்கா.

அஸ்பியா: ...

அம்ஹா: மதினி?

அஸ்பியா: ...

றம்ஸீன்: அஸ்பியா! புள்ள! இஞ்சப் பாரு!

அஸ்பியா: யாரு... நீங்க... ரெண்டு பேரும்?

அம்ஹா: காக்கா! கண்ணு சொருகுது! இந்தா, கற்கண்டு... பிடிங்க... போத்தல் மூடி வருகுதில்லயே!

றம்ஸீன்: யா அல்லாஹ்... வாயத் தொற புள்ள, வாயத் தொற...

அஸ்பியா: ஹா ஹா ஹா! முந்தானைக்குள்ளயா வெச்சிருந்த? அதான பாத்தன், நடக்கக்குள்ள கிலுகிலு எண்டு சத்தம் வந்திச்சி!

அம்ஹா: உங்கள...! அந்த அகப்பையத் தாங்க, நான்தான் இப்ப அடிக்கணும்!

றம்ஸீன்: இதுலயா விளையாடுற? இதுலயா?

அஸ்பியா: என்னங்க... அழுவுறீங்களா? சரி சரி, இனி விளையாடல்ல. இந்தாங்க விரல். அந்தச் சீனி பாக்கிற மெசினால குத்திப் பாருங்க.

அம்ஹா: ரெத்தம் எடுத்தா நோம்பு முறியாதா?

றம்ஸீன்: ஒரு சொட்டுல முறியாதாம். ஜின்னுக்குக் கற்கண்டு ஓதித் தந்த அபூசாலி லெப்பைக்கிட்டக் கேட்டு வெச்சிருக்கன்... ஆட்டாத கைய... தொண்ணூத்தி ரெண்டு.

அம்ஹா: கூடவா, குறைவா?

றம்ஸீன்: நல்லம். நல்லம் புள்ள! விடியக்காலம் ஸஹருக்குப் பொறகு பச்சத் தண்ணி படல்ல, எண்டாலும் தொண்ணூத்தி ரெண்டு! அண்டைக்கு கொழும்பு ஆஸ்பத்திரியில இதுல பாதியும் இல்ல.

அஸ்பியா: கேட்டுக்கிட்டியா தங்கச்சி? எழுதி நெத்தியில ஒட்டிட்டுப் போ.

அம்ஹா: எனக்கு இன்னும் வெளங்கல்ல மதினி. ஊரெல்லாம் சீனி கூடின ஆக்கள். உங்களுக்கு மட்டும் எப்பிடி சீனி இல்லாத வருத்தம் வந்திச்சி?

அஸ்பியா: கணையத்துல ஒரு கட்டி. கச்சான் கொட்டை அளவுதானாம். அது நெனச்ச நேரமெல்லாம் இன்சுலின ஊத்திக்கிட்டுக் கெடந்திரிக்கி. சாப்பிட்டா நான் மனிசி. வயிறு காஞ்சா, ரெத்தத்துல உள்ள சீனியெல்லாம் இறங்கி, மூளைக்கு ஒண்டும் போகாம... ஜின்னு! பத்து லட்சத்துல ஒண்டு ரெண்டு பேருக்குத்தான் வருமாம்.

அம்ஹா: அதுல ஒண்டு எங்கட சாய்ந்தமருதுல!

அஸ்பியா: அந்தப் பெரிய டொக்டர் சொன்னார், மூணு நாள் வரைக்கும் பட்டினி போட்டுப் பாக்கணுமாம். மூணு நாள் என்னத்துக்கு சேர், ஒரு அசர் நேரம் வரைக்கும் போட்டுப் பாருங்க எண்டு நான் சொன்னன்.

றம்ஸீன்: அசருக்கும் நிக்கல்ல. லுஹருக்கே விழுந்துட்டா. ரெத்தத்த எடுத்துப் பாத்துட்டு டொக்டர் கையத் தட்டிச் சிரிக்கார். “பிடிச்சிட்டம், பிடிச்சிட்டம்!” எண்டு. எனக்கு அவர்ட கழுத்தப் பிடிக்கணும் போல வந்திச்சி. மறுகா அந்தக் கட்டிய வெட்டி எடுத்ததும் அவர்தான்.

அம்ஹா: அதுவும் சரிதான், ஜின்ன ஒரு டொக்டர் பிடிச்சிட்டார்... ஆனா காக்கா, உங்களுக்கு எப்பிடி முதல்ல டொக்டர்ட நெனப்பு வந்திச்சி?

றம்ஸீன்: கோமாரிக்குப் போன அண்டைக்கு. பஸ் பழுதாகி, பசியோட நடுரோட்டுல நிக்கக்குள்ள இவக்கு அது வந்துட்டு. கற்கண்டுப் போத்தல் ஊட்டுல. கடைக்காரன் ஒரு சோடாவ உடைச்சித் தந்தான். வாயில பருக்கினன். பாத்துக்கிட்டு இரிக்கக்குள்ளயே எழும்பி, “எங்க நிக்கம் மச்சான்?” எண்டு கேக்கா.

அம்ஹா: சுப்ஹானல்லாஹ்.

றம்ஸீன்: எனக்கு அந்த இடத்துலயே பொறி தட்டிச்சி. கற்கண்டுக்கு லெப்பை ஓதின. சரி. சோடாவுக்கு யாரு ஓதின?

அஸ்பியா: ஹா ஹா...

றம்ஸீன்: நேரா மாவடிப்பள்ளிக்குப் போய் லெப்பைக்கிட்டயே கேட்டன். மனிசன் சொன்னார், “எனக்கும் ஒரு சந்தேகம் இருந்திச்சி தம்பி. ஷைத்தானுக்கெல்லாம் விலங்கு போட்டு வெக்கிற மாசம் நோம்பு மாசம். உன்ட பொஞ்சாதிக்கு அந்த மாசத்துலதான் கூடவா வருகுது. இது ஒடம்பு வருத்தம். என்னக்கிட்ட நிக்காத, ஆஸ்பத்திரிக்கு ஓடு” எண்டு.

அம்ஹா: அவர் நல்ல மனிசன்.

அஸ்பியா: மிச்சம் நல்ல மனிசன். ஊர்ச் சனம் மாதிரி இல்ல.

அம்ஹா: ஷ்... வாசல்ல யாரோ... மதினி! ஷாஹினா லாத்தா!

அஸ்பியா: எட்டிப் பாக்க வந்திருப்பா.

அம்ஹா: இல்ல, கையில சட்டி! கஞ்சி கேக்கா! “அஸ்பியாட கையால ஊத்தித் தரச் சொல்லு” எண்டு சொல்றா!

றம்ஸீன்: என்ன புள்ள, நிக்கிற?

அஸ்பியா: ஒண்டுமில்ல. புகை கண்ணுல... கொண்டா சட்டிய. நெறயக் கொண்டா. ரெண்டு அகப்பை கூட ஊத்துறன். கோழிக்கும் சேத்து!

அம்ஹா: ஹா ஹா! அத அவக்கிட்டச் சொல்லவா?

அஸ்பியா: சொல்லாத, பாவம். வந்துட்டாதானே... குடுத்திட்டு ஓடி வா, நேரமாகுது. பாயில இரி. என்னங்க, நீங்களும் அந்தக் கதிரைய விட்டு எழும்புங்க. ஈச்சம்பழம் எங்க?

றம்ஸீன்: இந்தா.

அம்ஹா: வந்துட்டன், வந்துட்டன்... மதினி, நான் யாரு?

அஸ்பியா: வாய மூடு... கேக்குதா?

றம்ஸீன்: வாங்கு! வாங்கு சொல்றாங்க! புள்ள, வாங்கு!

அஸ்பியா: பிஸ்மில்லாஹ்...

றம்ஸீன்: இந்தா, தண்ணியும் குடி புள்ள.

அஸ்பியா: அல்ஹம்துலில்லாஹ். அல்ஹம்துலில்லாஹ்! பிடிச்சிட்டன் மச்சான். முழு நோம்பு! என்ட வாழ்நாள்ல முதல் முழு நோம்பு!

அம்ஹா: ஐயோ மதினி... இஞ்ச வாங்க, கட்டிப் பிடிக்க! இனி அந்தப் போத்தல் உங்களுக்கு வேணாம். எனக்குத் தாங்க.

றம்ஸீன்: உனக்கு என்னத்துக்கு?

அம்ஹா: ஜின் இல்லாட்டியும் அது பறக்கத்து நெறஞ்ச போத்தல் காக்கா! லெப்பை ஒருக்காத்தான் ஓதித் தந்தார். எத்தின கட்டி எடுத்தாலும் குறையல்லியே! நான் கல்முனையில எல்லாருக்கும் சொல்லி வெச்சிருக்கன்.

றம்ஸீன்: அல்லாஹ்வே... அம்ஹா, இனியும் சொல்லாத. லெப்பை ஓதினது ஒரு கிழமையிலயே முடிஞ்சிட்டு. மிச்சமெல்லாம் மீராசாட கடையில நான் வாங்கி ரொப்பினது. போத்தல் வெறுமையாக் கெடந்தா இவ மனசு விட்டுருவா எண்டுதான்...

அம்ஹா: என்ன! ஓதாத கற்கண்டா? மதினி, கேட்டீங்களா? இத்தின காலமும் உங்கள ஏமாத்தியிருக்கார்!

அஸ்பியா: எனக்குத் தெரியும். லெப்பை தந்தது கறுத்தப் பனங்கற்கண்டு. மறுகா வந்ததெல்லாம் வெள்ள. நான் என்ன குருடியா?

றம்ஸீன்: தெரிஞ்சிமா ஒண்டும் கேக்கல்ல?

அஸ்பியா: என்னத்தக் கேக்க? சுபஹு தொழுதிட்டு, நான் நித்திர எண்டு நெனச்சி, அந்தப் போத்தல நெஞ்சோட அணைச்சிக்கிட்டு அழுது அழுது நீங்க ஓதி ஊதினத்தக் கண்டவ நான்... ஓதாத கற்கண்டாம்! அம்ஹா, அந்தக் கோப்பைய இஞ்சால தா. இந்த ஊட்டுல முதல் கஞ்சி என்ட லெப்பைக்கு.