நெத்திலிக் கடற்கரையில் இல்லாத டைப்ரைட்டர்

நம் குழுவில் புத்தகம் படிக்கிறவர்களைவிட, புத்தகத்துக்குப் பக்கத்தில் காபி டம்ளரை வைத்துப் படம் பிடிக்கிறவர்களே அதிகம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. இந்த ஆண்டு படித்ததில் எதைப் பரிந்துரைப்பீர்கள் என்று குழுவை நடத்தும் ராபியா கேட்டிருந்தார். டிசம்பர் முடிவதற்குள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுத வேண்டுமாம். என்னுடையது ஒரு பக்கத்தைத் தாண்டும். முந்நூறு பக்க நாவலை ஒரே மூச்சில் முடிக்கிற உங்களுக்கு இது பெரிய காரியமில்லை.

போன ஜனவரியில், தாராவியில் தோல் பைப் பட்டறை வைத்திருக்கும் மாரீஸ்வரன் 'நெத்திலிக் கடற்கரை' என்ற நாவலை வாட்ஸப்பில் பரிந்துரைத்தார். 'படிச்சு முடிச்சு ரெண்டு நாளா சோறு எறங்கல' என்று எழுதினார். மறுவாரம் நாற்பது பேருக்குச் சோறு இறங்கவில்லை. மாட்டுங்காவில் நாம் மாதம் ஒருமுறை கூடும் ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் அத்தனை பேருக்கும் இட்லி நன்றாக இறங்கியது. நானும் வாங்கிப் படித்தேன். ஒரு மீனவப் பெண், கடலுக்குப் போன கணவன், முந்நூறு பக்கம் காத்திருப்பு. கடைசியில் அவன் வந்துவிடுகிறான். வராவிட்டால் இன்னும் ஐம்பது பக்கம் போயிருக்கும் என்பதால் வந்தது நல்லதுதான்.

நானும் ஒரு நாவல் எழுதியிருக்கிறேன். உங்களில் ஒருவருக்கும் தெரியாது. நிறைகுடம் தளும்பாது. பெயர் 'பதிவறைக் குமாஸ்தா'. தன் விண்ணப்பம் படிக்கப்படாமலே திரும்பி வந்ததால் பதினோரு வருடம் யாருடனும் பேசாமல் இருக்கிற ஒரு மனிதனின் கதை. ஆறு பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. அவற்றில் நான்கு, கட்டைக்கூடப் பிரிக்கவில்லை. நான் போட்ட நூல் முடிச்சு போட்டபடியே வந்து சேர்ந்தது.

லூசியம்மாளை உங்களுக்குத் தெரியும். செம்பூரில் தனியாக இருந்தவர், ஓய்வுபெற்ற நர்ஸ். சர்க்கரை வியாதி கண்ணைத் தின்றுவிட்டது. வெளிச்சம் தெரியும், எழுத்து தெரியாது. உல்லாஸ்நகரில் இருக்கும் மகள் ஜெனிஃபர் தமிழ் பேசுவாள், படிக்க வராது. எல்லோரும் பேசுகிற அந்தப் புத்தகத்தை யாராவது வந்து வாசித்துக் காட்டுவீர்களா என்று லூசியம்மாள் குழுவில் குரல் பதிவு போட்டார். நூற்றிருபது பேர் இருக்கும் குழுவிலிருந்து கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக வந்தன. வீட்டுக்குப் போனவன் நான் ஒருவன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

செவ்வாயும் வெள்ளியும் காலை பதினொரு மணிக்குப் போவேன். முதல் அத்தியாயத்தை ஒழுங்காகவே வாசித்தேன். இரண்டாவதில் அலை தாயைப் போலக் கரையை அணைத்தது. அதற்கு மேல் என் வாய் ஒத்துழைக்கவில்லை. அடுத்த முறை போகும்போது என் நாவலின் டைப் அடித்த தாள்களைப் பையில் எடுத்துக்கொண்டேன். அவருடைய புத்தகத்தை மடியில் விரித்து, அதன்மேல் என் தாள்களை வைத்து வாசித்தேன். கண் தெரியாதவர் முன் இத்தனை ஏற்பாடு தேவையில்லைதான். ஒரு மரியாதை.

"என்ன ஜம்பு சார், கடலக் காணோம்?" என்றார்.

"இப்போ எழுதறவாள்லாம் அப்படித்தாம்மா. சட்டுனு இடத்தை மாத்திடுவா."

"சரி, வாசிங்க. இந்த ஆபீஸ்கார மனுசன நெனச்சா பாவமா இருக்கு."

மூன்று மாதம் இப்படிப் போனது. பதின்மூன்றாம் அத்தியாயத்தில், அலுவலகம் ஒதுக்கிப் போட்ட தன் டைப்ரைட்டரைக் குமாஸ்தா வீட்டுக்குத் தூக்கி வந்து, வெந்நீரில் குளிப்பாட்டி, சயான் பக்கம் குழி தோண்டிப் புதைக்கிறான். லூசியம்மாள் அழுதார். மூக்கைச் சிந்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "இத எழுதுனவன் கை நல்லாருக்கணும் சார்" என்றார். நான் நாற்பது வருடமாக எழுதுகிறேன். எழுதிய கையைத்தான் பிடித்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. அன்று மாட்டுங்கா வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தும் கால் வலிக்கவில்லை.

அவரோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். ஆனால் நல்ல வாசகருக்கு வாய் சும்மா இருக்காது. அன்று மாலையே குழுவில், நெத்திலிக் கடற்கரையில் டைப்ரைட்டரைப் புதைக்கிற இடத்தை எல்லோரும் மறுபடி படிக்க வேண்டும் என்று பேசி அனுப்பினார். 'மேடம், அந்த ஊர்ல டைப்ரைட்டர் ஏது? கரண்டே பாதிக் கதைக்குப் பொறவுதான் வருது' என்று மாரீஸ்வரன் எழுதினார். லூசியம்மாள் விடவில்லை. நான்கு பதிவுகளில், அதுவரை கேட்ட முழுக் கதையையும் சொன்னார். ஓர் இடம்கூடத் தப்பவில்லை. சிரிக்கும் முகங்கள் அறுபதுக்கு மேல் வந்தன. 'இப்படி ஒரு கதையை மூளை சரியா இருக்கிற யாரும் சொல்ல மாட்டாங்க. வயசாயிட்டா அப்படித்தான், பாவம்' என்று ஒருவர் எழுதினார். அஷ்வத், அது நீங்கள்தான். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நினைத்துக்கொண்டு போனை மூடி வைத்தேன்.

அப்போதே நான் சொல்லியிருக்கலாம். ஆனால் மூளை சரியில்லாதவர் சொல்கிற கதை என்று தீர்ப்பான பிறகு, அது என் கதை என்று எப்படிச் சொல்வது? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ராபியா அக்கறையோடு ஜெனிஃபருக்குப் போன் செய்தார். அடுத்த வெள்ளிக்கிழமை நான் வாசித்துக்கொண்டிருந்தபோது ஜெனிஃபர் வந்தாள். தாள்களைப் பையில் வைக்க நேரம் இருந்தது. டாக்டர், அம்மாவைத் தனியாக விடலாமா என்று யோசிக்கச் சொல்லியிருக்கிறாராம். புத்தகத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"அங்கிள், எனக்குத் தமிழ் படிக்க ஆகாது. நீங்களே பார்த்து சச் சொல்லுங்க, உண்மைய மட்டும். டைப்ரைட்டர் இதுல இருக்கா? இல்லேன்னா மம்மிய இங்க அகேலா, தனியா விட மாட்டேன். வீட்டப் பூட்டிருவேன்."

லூசியம்மாள் நிம்மதியாகச் சிரித்தார். "நல்லாக் கேளு. பதிமூணாவது அத்தியாயம். சார்தான வாசிச்சாவ. சொல்லுங்க சார்."

நான் பொறுமையாகப் பக்கங்களைப் புரட்டினேன். அந்த அறையில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். "இல்லைம்மா" என்றேன். அது பொய் அல்ல. அந்தப் புத்தகத்தில் டைப்ரைட்டர் இல்லை.

"அப்பம் எனக்கு என்னத்த சார் வாசிச்சிய?"

"இதைத்தான்."

அது பொய். நான் சொன்ன பொய் அந்த ஒரு சொல்தான். லூசியம்மாள் கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கி, அட்டையை இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார். பிறகு மகளிடம், எந்தப் பெட்டியை எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டார்.

ஜூன் முதல் கல்யாணுக்கு அப்பால் ஓர் இல்லத்தில் இருக்கிறார். காலையும் இரவும் மாத்திரை கொடுக்கிறார்கள். எதற்கான மாத்திரை என்று ஒரு நர்ஸுக்குத் தெரியாமல் இருக்காது, கேட்காமல் விழுங்குகிறார். போன மாதம் நாவலின் அச்சுப் படியோடு போனேன். ஏழாவதாக ஒரு பதிப்பகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது, நான் தொடங்கியதுதான். கடைசி அத்தியாயத்தை மாற்றியிருந்தேன். அபிப்பிராயம் கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை.

"எனக்கு ஒண்ணும் வாசிக்காதிய சார்" என்றார். "நீங்க ஒண்ணு வாசிச்சா எனக்கு வேற ஒண்ணு கேக்கு. ஒங்களயும் அன்னைக்கு சங்கடப்படுத்திட்டேன். மன்னிச்சிருங்க."

மன்னித்தேன். ஆனாலும் அவ்வளவு தூரம் ரயிலில் போனவனிடம் அப்படிச் சொன்னது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

ஆக, என் பரிந்துரை 'பதிவறைக் குமாஸ்தா'. தை மாதம் வெளிவருகிறது. பின்னட்டையில் ஒரே ஒரு கருத்து: 'இத எழுதுனவன் கை நல்லாருக்கணும்.' கீழே லூசியம்மாளின் பெயர். புத்தி கலங்கியவரின் வார்த்தையை அட்டையில் போட்டிருக்கிறான் என்று உங்களில் சிலர் கிளப்புவீர்கள். அதற்காகத்தான் இவ்வளவும் எழுத வேண்டியதாயிற்று. அவருக்குப் புத்தி ஒரு நாளும் கலங்கவில்லை. நான் வாசித்ததைத்தான் அவர் சொன்னார். என் ஒரே வாசகரின் தகுதியை இனி யாரும் சந்தேகிக்க வேண்டாம்.

வெளியீட்டு விழாவில் அவருக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருக்கிறேன். அழைத்து வர வேண்டியது ஜெனிஃபர். அவளுக்குத் தமிழ் படிக்க வராது என்பதால், உங்களில் யாராவது இதை அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஒன்றே ஒன்று: உள்ளதை உள்ளபடி வாசியுங்கள். ஒருவர் எழுதியதில் இன்னொருவர் கை வைப்பது எனக்குப் பிடிக்காது.