கேஸாவுக்கு ஒரு நாள்

ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு ராஜா இருந்தாராம்... எல்லாக் கதையும் இப்படித்தானேம்மா ஆரம்பிக்குது? இருந்தாரு, சரி. அந்த ராஜாவுக்கு அப்பான்னு ஒருத்தர் இருந்திருப்பாருல்ல? அவரு என்ன ஆனாரு, சாப்பிட்டாரா, தூங்கினாரான்னு எவனாச்சும் கேட்டிருக்கானா? கேக்க மாட்டான். அதைத்தான் ரயில் ஏறினதுலேர்ந்து சொல்லிட்டு வர்றேன். நீங்க இப்பத்தான் ஏறுனீங்க, உங்களுக்குத் தெரியாது. உங்க சீட்ல ஒரு பெரியவர் இருந்தாரு, பாதிதான் சொல்லியிருப்பேன், அடுத்த பெட்டியில காத்து நல்லா வருதுன்னு எழுந்து போயிட்டாரு. இந்தப் பிப்ரவரிக் குளிர்ல! காத்து!

உக்காருங்க, உக்காருங்க. பூந்தொட்டியை மடியிலேயே வச்சுக்கணும்னா வச்சுக்குங்க, எனக்கென்ன.

என் பேரு கேஸா. முப்பத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டுனவன். ஒரு நிமிஷம் முந்தினதும் இல்ல, பிந்தினதும் இல்ல. எங்க ஊர்ல நாலு கேஸா இருந்தோம். கறிக்கடை கேஸா, மாட்டு டாக்டர் கேஸா, நொண்டி கேஸா, பஸ் கேஸா. மூணு பேரும் போய்ச் சேந்தாச்சு. இப்ப பஸ் கேஸான்னு சொல்லத் தேவையே இல்ல, சும்மா கேஸான்னாலே நான்தான். அது பெருமையா என்ன? பாலர் பள்ளியில போய்ப் பாருங்க, எட்டு மிலான், ஆறு லெவென்டே. கேஸா? ஒண்ணுகூட இல்ல.

நம்ம நாட்டோட முதல் ராஜா இஷ்த்வானைத் தெரியாத ஆள் உண்டா இங்க? ஆகஸ்ட் இருபது வந்தா லீவு, ஆத்தங்கரையில வாணவேடிக்கை, புது ரொட்டி. அவரோட அப்பா பேரு என்ன? கேஸா! அங்கங்க கெடந்த கூட்டத்தையெல்லாம் ஒண்ணா அதட்டி உக்கார வச்சது யாரு? கேஸா. பையன் வந்து நோகாம முடி சூட்டிக்கிட்டாரு. அந்தக் கேஸா ஞானஸ்நானமும் வாங்கினாரு, பழைய சாமிக்குப் படையலும் போட்டாரு. என்னய்யா இதுன்னு சாமியார் கேட்டதுக்கு, ரெண்டு பக்கமும் செய்யற அளவுக்கு எங்கிட்ட வசதி இருக்குன்னாராம். ஆம்பளை! அவருக்கு என்ன வாணவேடிக்கை? ஒண்ணும் இல்ல.

பார்லிமெண்டுல கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்காங்களே ஒரு கிரீடம், பாத்திருப்பீங்க. இஷ்த்வான் கிரீடம்னுதானே சொல்றாங்க? அதோட கீழ்ப்பாதியில யாரு படம் இருக்கு தெரியுமா? இன்னொரு கேஸா. கேஸா ராஜா! படம் எங்காளோடது, பேரு அவங்களுது. நான் வேற என் பையனுக்கு இஷ்த்வான்னே பேரு வச்சு அந்த அநியாயத்துக்குத் துணை போனேன். செல்லமா பிஷ்டா, பிஷ்டான்னு தோள்ல தூக்கிட்டு அலைஞ்சேன்.

எங்களுக்குன்னு என்னதான் இருக்கு? "கேஸா, வானம் நீலமா இருக்கு!" அது ஒண்ணுதான் இருக்கு. "கேஸா, கேக் அஸ் ஏக்." நம்ம பாஷையில அந்த வானத்தைக் கடைசி எழுத்துலேர்ந்து திருப்பி வாசிச்சாலும் அதேதான் வருதாம். நீங்களும் சின்ன வயசுல கத்தியிருப்பீங்க. மழை கொட்டும்போதுகூட பஸ்ல ஏறி அதைச் சொல்லிட்டுச் சிரிப்பானுங்க. நான் ஜன்னல் வழியா ஒரு தடவை எட்டிப் பாத்துட்டு வண்டிய எடுப்பேன்.

அப்புறம் வருஷத்துல ஒரே ஒரு நாள். காலண்டர்ல ஒவ்வொரு பேருக்கும் ஒரு நாள் போட்டிருக்கே, எங்களுக்குப் பிப்ரவரி இருபத்தஞ்சு, கேஸா நாள். அதுவும் முழுசா எங்களுது இல்லம்மா! லீப் வருஷம் வந்தா இருபத்து நாலாம் தேதியில ஒரு வெத்து நாளைச் சொருகி, எங்களையெல்லாம் ஒவ்வொரு நாள் பின்னாடி தள்ளி விட்டுருவாங்க. கூட்டம் ஏறுன பஸ்ல, உள்ள போங்க, உள்ள போங்கன்னு தள்ளுவோமே, அது மாதிரி. யாரோ ஏறப் போறாங்கன்னு நாங்க நகரணும், ஏறுறது யாருன்னு பாத்தா ஒருத்தனும் இல்ல. நல்லவேளை, இது அந்த வருஷம் இல்ல. அது அடுத்த வருஷம்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். கிறிஸ்துமஸுக்குப் பிஷ்டாவும் மருமக எனிக்கோவும் வந்திருந்தாங்க. அவளுக்கு வர்ற மார்ச்சுல பிரசவம், பையன்னு தெரிஞ்சுபோச்சு. என்ன பேருடான்னு கேட்டேன். "உங்க பேர் நாளுக்கு வர்றோம்ப்பா, அன்னிக்குச் சொல்றோம்"னான். சொல்லிட்டு அவளைப் பாத்தான், அவ தட்டைப் பாத்தா. எனிக்கோவோட அம்மாவுக்கு மிலான்னு வைக்கணுமாம். ஒம்பதாவது மிலான்! எனக்கு ரெண்டு மாசமா அதே நெனப்பு.

இருபத்தஞ்சு வந்துச்சு. காலையில நாலு மணிக்கு எழுந்து பன்னிக்கறி வறுவல் போட்டுப் பொகாச்சா சுட்டேன், குட்டிக் குட்டி உப்பு ரொட்டி, எழுபது. பிரோஷ்கா இருந்தா அவ சுடுவா. என் பொண்டாட்டி. அவ போய் மூணு வருஷமாச்சு. முந்தின நாளே பன்னிக்கால் வேக வச்சுத் தட்டுத் தட்டா உறைய வச்சிருந்தேன். பிளம் சாராயம் ரெண்டு பாட்டில். கழுத்துல ஒரு டை.

பிறந்தநாள்னா கூப்பிடணும். பேர் நாளுக்குக் கூப்பிட்டா அசிங்கம்மா, அவனவனா வரணும். அதனால நான் யாருக்கும் போன் பண்ணலை. ஜன்னல் பக்கம் உக்காந்தேன். பத்து மணி. பன்னெண்டு. பொகாச்சாவை மறுபடி சூடு பண்ணேன். ரெண்டு. நாலு. தபால்காரன் வந்தான், மின்சார பில்லைக் குடுத்தான், போயிட்டான். பக்கத்து வீட்டு பாலிந்த் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு என் டையைப் பாத்தான். "என்ன கேஸா, ஏதாச்சும் இழவா?"ங்கிறான்! இருபது வருஷமா என் பேர் நாளுக்கு வந்து குடிச்சவன்!

அஞ்சரை மணிக்கு எழுந்தேன். பன்னிக்கால் தட்டு அத்தனையையும் பாலிந்த் வீட்டு நாய்க்கே போட்டேன், அவன் பாக்கும்போதே. பிஷ்டாவுக்குப் போன் பண்ணேன். ஏன் வரலைன்னு கேக்கலை. அதைக் கேப்பேனா நான்? "உன் புள்ளைக்கு எந்தப் பேர வேணா வை, என் பேரை மட்டும் வச்சிராத. வச்சேன்னு தெரிஞ்சா பதிவு ஆபீசுக்கே வந்து அந்தப் பேரை அடிச்சுட்டுப் போவேன்"னு சொன்னேன். "அப்பா, நாளைக்கு..."ன்னு என்னமோ ஆரம்பிச்சான். "நாளைக்கு என்னடா நாளைக்கு! நாளைக்கு நான் வீட்டுலயே இருக்க மாட்டேன்!" வச்சுட்டேன். அணைச்சும் போட்டேன். இன்னும் பையிலதான் கெடக்கு.

காலையில கேட்டைப் பூட்டி, ஒரு அட்டையில "கேஸா இல்லை"ன்னு எழுதித் தொங்க விட்டுட்டு, தங்கச்சி எடெல்கா வீட்டுக்குக் கிளம்பிட்டேன். அங்க ஒரு வாரம் கெடப்பேன். கூத்தைக் கேளுங்க, டிக்கெட் குடுக்குற பொம்பளை என்னைப் பாத்து, "கேஸா ஐயா, ஆண்டவன் நீண்ட ஆயுசு குடுக்கட்டும்"ங்கிறா. பேர் நாள் வாழ்த்து, இன்னைக்கு! கிண்டல் பண்றா. சில்லறைய எண்ணாம வாங்கிட்டு வந்துட்டேன்.

நீங்க எங்கம்மா, பூவோட? மாமனார் வீட்டுக்கா. நல்லது. என்ன விசேஷம்? பேர் நாளா. அவரு பேரு...

கேஸாவா?

ஒரு நாள் கழிச்சுப் போறீங்களேம்மா. மனுஷன் நேத்து பூரா உக்காந்திருப்பாரே. நேத்துதானே... இல்ல? இன்னைக்கா? யாரு சொன்னா? எதுக்குச் சிரிக்கிறீங்க? பேப்பர்ல போட்டிருக்கா? காட்டுங்க. எழுத்து தெரியலை, கண்ணாடி பையில இருக்கு, நீங்களே படிங்க. "பிப்ரவரி இருபத்தாறு, இன்று கேஸா..." அது எப்படி? லீப் வருஷம் அடுத்த வருஷம்மா! போன தடவை தள்ளி விட்டப்ப பிரோஷ்கா இருந்தா. நான் இருபத்தஞ்சாம் தேதி டை கட்டிட்டு நின்னேன், "கழட்டுங்க, நாளைக்குத்தான்"னு அவதான் சொன்னா. அப்புறம் அந்த வருஷமே செப்டம்பர்ல... அதுலேர்ந்து ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணு முடிஞ்சு...

பிப்ரவரியிலேர்ந்து எண்ணணுமோ? அப்ப நாலு ஆகுதே.

நான் அவ போன நாள்லேர்ந்து எண்ணிட்டு இருந்தேம்மா. காலண்டர் வாங்கி மாட்டுறதெல்லாம் அவ வேலை.

இருங்க, பேசாதீங்க. போனை எடுக்குறேன். இது எரிய நேரம் ஆகும். ம்... ஏன் இப்படித் துள்ளுது? எத்தனை? பதினேழா? யாரு, எல்லாம் பிஷ்டாவா? கீழ என்னமோ எழுதியிருக்கான், படிங்கம்மா. மெதுவா. "அப்பா, கேட் முன்னாடி நிக்கிறோம்." ம். "பாலிந்த் மாமாவும் பாட்டிலோட நிக்கிறாரு." நிப்பான், நிப்பான். அப்புறம்? "பேரு கேஸான்னு சொல்லத்தான் வந்தோம். எனிக்கோதான் முதல்ல சொன்னா. நேத்து நீங்க வேணாம்னுட்டீங்க, அட்டையும் பாத்தோம். அதனால எனிக்கோ வேற பேரு யோசிச்சிட்டு இருக்கா."

இன்னொரு தடவை படிங்க. இல்ல, வேணாம்.

எனிக்கோவா முதல்ல சொன்னா?

என்னம்மா எழுந்துட்டீங்க? உங்க ஸ்டேஷனா? இருங்க, நானும் எறங்குறேன். எடெல்கா கெடக்கட்டும். அந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க. படி வழுக்குது, பாத்து. அப்பாடா... ஒரு நிமிஷம் நில்லுங்கம்மா, பேரை அமுக்கிக் குடுத்துட்டுப் போங்க, இந்தப் போன் திரையில எனக்கு எதுவும் தெரியலை. எ... ஆமா, எனிக்கோ. அமுக்கிட்டீங்களா? மணி அடிக்குது. என்னன்னு ஆரம்பிக்கறது? மன்னிப்புன்னா? இதுவரைக்கும் யார்கிட்டயும் கேட்டதில்லையே...

ஹலோ! எனிக்கோவா? பிஷ்டாகிட்ட குடுக்காத, உங்கிட்டதாம்மா பேசணும். ஸ்டேஷன்லேர்ந்து பேசறேன். எந்த ஸ்டேஷன்னா என்ன, பஸ் பிடிச்சு வந்துருவேன். சாவி கேட் ஓரத்துல எலிப்பொறிக்கு அடியில இருக்கு, உள்ள போய் உக்காருங்க, நிக்காத, நீ நிக்கக் கூடாது. திங்க ஒண்ணும் இல்ல. பொகாச்சா மட்டும் எழுபது இருக்கு, நேத்து சுட்டது.

கேளும்மா. நேத்து சாயங்காலம் போன்ல பேசின பேச்சு இருக்கே, அது செல்லாது. நேத்து கேஸா நாளே கிடையாது. காலண்டரைப் பாரு, நேத்து மாத்யாஷ் நாள். அதனால அது மாத்யாஷ் பேசினது. எனக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. கேஸா இன்னைக்குத்தான் வாயத் தொறக்குறான்.

அழறியா, சிரிக்கிறியா? ஒரே மாதிரி கேக்குதும்மா.

வேற பேரு முடிவு பண்ணியாச்சா? என்னது? ரயில் கிளம்புது, ஒண்ணும் கேக்கலை. இந்தாங்கம்மா, நீங்க கொஞ்சம் காதுல வச்சு... அம்மா? அட, அதோ தண்டவாளத்தைத் தாண்டிப் போயாச்சு, தொட்டியோட. நல்லாப் போங்க, அங்க ஒரு கேஸா உக்காந்திருப்பாரு.

உன்னை இல்லம்மா! நீ சொல்லு. முதல் எழுத்தை மட்டும் சொல்லு போதும். சத்தமா. க-வுலதானா? அதுல கெர்கோங்கிற பேரும் வருமே. குறிலா நெடிலா? "கெ"யா, "கே"யா? நல்லா இழுத்துச் சொல்லும்மா...