வஞ்சப்புகழ்ச்சிக்கு ஒரு பொழிப்புரை

எனக்கு நகைச்சுவை புரியாது என்று எங்கள் ப்ளோவ்திவ் நகரில் பலர் சொல்வார்கள். அது சரியல்ல. என் மனைவி ரலிட்சா எழுதியதில் எனக்குப் புரியாத வரி ஒன்றுகூட இல்லை.

பழங்களை டப்பாவில் அடைக்கும் எங்கள் தொழிற்சாலை வாரப் பத்திரிகை ஒன்று வெளியிட்டது. அவள் அதில் கட்டுரை எழுதினாள். நான் மெய்ப்புத் திருத்தினேன். அவள் யாரையும் திட்டியதில்லை. புகழ்ந்தாள், அவ்வளவுதான். 'நம் உணவகத்து சூப் அவ்வளவு தெளிவு. கிண்ணத்தின் அடியில் தீட்டிய பூ தெரிகிறது.' 'இயக்குநர் தொலைநோக்குள்ளவர். பக்கத்தில் நிற்பவர்கள் அவர் கண்ணில் படுவதில்லை.' மூவாயிரம் பேர் சிரித்தார்கள். அவளை யாரும் தொட முடியவில்லை. தொட வேண்டுமானால், அந்தப் புகழ்ச்சி பொய் என்று மேலிடத்தில் யாராவது ஒருவர் முதலில் சொல்ல வேண்டும்.

அவள் பிறந்தநாளன்று வீட்டில் பன்னிரண்டு பேர். என் முதல் சிறுகதை அந்த வாரம்தான் அச்சாகியிருந்தது. ரலிட்சா ராக்கியா மதுக் கோப்பையை உயர்த்தினாள்.

"எங்க லூபென் கதைய படிச்சீங்களா? ஒரு எழுத்துப்பிழை காட்டுங்க பாப்போம். நான் ரெண்டு தடவ படிச்சேன். வேற எதுவும் தட்டுப்படல."

எல்லோரும் சிரித்தார்கள். நண்பன் ஜெச்கோ மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

மறு வாரம் விடுப்பு எடுத்தேன். தாளை நடுவில் மடித்துக்கொண்டேன். இடப்பக்கம் அவள் எழுதியது, வலப்பக்கம் அதன் பொருள். பதினொரு கட்டுரைகள், நாற்பது பக்கங்கள். கல்லூரியில் பழம்பாடல்களுக்கு உரை எழுதிப் பழகியவன் நான். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அரசுப் பாதுகாப்புத் துறை அலுவலகத்தில் அதிகாரி அதைப் படிக்கப் படிக்கச் சிரித்தார்.

"அடேயப்பா, இதுல இவ்வளவு இருக்கா? உங்க மனைவி ரொம்பக் கெட்டிக்காரங்க சார்."

அவர் அதை நேர்ப்பொருளிலேயே சொன்னார். யாரும் கேட்காமல் நானாகக் கொண்டுபோனதால் எனக்குக் காப்பி கொடுத்தார்.

விசாரணையில் என் உரையை வாசித்தார்கள், எழுதியவர் பெயரைச் சொல்லவில்லை. நாலைந்து பக்கம் போனதும் ரலிட்சா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். வெளியே கூட்டிப்போகும்போது என் அருகே ஒரு கணம் நின்றாள்.

"ஒரு வரிகூட விடலியே லூபென். என்னை இவ்வளவு கவனமா யாருமே படிச்சதில்ல."

பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். அவளிடமிருந்து எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

தண்டனை மூன்று ஆண்டு. பிப்ரவரியில், சிறையில், நிமோனியா. அவளுக்கு வயது முப்பத்தொன்று.

எங்கள் வழக்கப்படி அவள் படத்தோடு இரங்கல் தாள் அச்சிட்டு, வீட்டுக் கதவிலும் தெருவின் லிண்டன் மரங்களிலும் ஒட்டினேன். 'உன் ஒவ்வொரு சொல்லையும் நேசித்த கணவன்' என்று எழுதியிருந்தேன். ஜெச்கோ கதவின் முன் நின்று படித்தான். மறுபடியும் படித்தான். பிறகு என் கைகளைப் பார்த்தான். பசை இன்னும் காயவில்லை.

"அவளே தோத்தாடா உன்கிட்ட," என்றான். "நீயும் எழுதக் கத்துக்கிட்ட."

நாற்பதாம் நாளுக்குத் திரும்ப ஒட்ட வேண்டும். அதே வாசகத்தைத்தான் அச்சகத்தில் கொடுத்திருக்கிறேன். அதில் மாற்ற எதுவும் இல்லை. எழுதியதை எழுதியபடியே படிக்க இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது.