ரொட்டித் தகரத்துக்கு மூலை மடித்த அருணகிரியாருக்கு

சேலம் சூரமங்கலம் பெரியசாமி பாத்திரப் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்று, சொந்த ஊராம் வெண்ணந்தூருக்குத் திரும்பும் திரு. அருணகிரி அவர்களுக்குப் பட்டறைக் குடும்பத்தாரும் பணியாளரும் வாசித்து அளிக்கும் மடல்.

தகடறிந்த தகைமையாளரே! சுத்தியல் ஓய்ந்தாலும் சொல் ஓயாத சீராளரே! அனலுக்கு அசையாத தகரத்தை ஆக்கித் தந்த அன்பரே! ஊரார் ரொட்டிக்கெல்லாம் உறையுள் செய்து கொடுத்துவிட்டு, அந்த ரொட்டியில் ஒரு விள்ளல்கூட வாயில் வைக்க மறுத்த வைராக்கியரே! வணக்கம்.

இப்படிப்பட்ட மடல்களில் புகழுரைகளை அடுக்கிக்கொண்டே போவது வழக்கம். எங்கள் குடும்பம் பித்தளைக்கு முலாம் பூசித் தங்கமென்று விற்றதில்லை. சொல்லுக்கும் பூசுவதாக இல்லை. ஆகவே, நடந்த ஒன்றை நடந்தபடியே அவையோர் கேட்கச் சொல்லிவிட்டுப் பிறகு உம்மிடம் திரும்புகிறோம். குறுக்கே பேசாமல் கேட்டிருக்க வேண்டுமாய் உம்மை மட்டும் தனியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

பெரியசாமி என்பது எங்கள் தகப்பனார் பெயர். அவர் காலந்தொட்டு, இந்தப் பட்டறை வாசலைத் தாண்டும் பாத்திரம் எதுவானாலும், கல்யாணச் சீருக்குப் போகும் குடமானாலும் கஞ்சி ஊற்றும் கிண்ணமானாலும், அடியில் புள்ளி புள்ளியாக உளியால் அவர் பெயர் வெட்டித்தான் தாண்டும். பெயர் வெட்டாத பாத்திரத்தைத் திருட்டுப் பாத்திரம் என்பது எங்கள் வழக்கு. எங்கள் அடுக்களையில் புழங்கும் பாத்திரங்களுக்கு மட்டும் பெயர் கிடையாது. வீட்டைவிட்டுப் போகாத பொருளுக்கு அடையாளம் எதற்கு என்பது தகப்பனார் வாக்கு. அவருக்குப் பின் அண்ணன் காளியப்பர் தலைமையேற்று, அந்த வழக்கத்தை ஒரு புள்ளியும் குறையாமல் காத்து வந்தார்.

அருணகிரியார் இங்கே வேலைக்குச் சேர்ந்த காலத்தில், சூரமங்கலம் ரயிலடிப் பக்கம் சின்னண்ணன் என்பவர் ரொட்டிக்கடை வைத்தார். ரயில் பயணிகளுக்கும் ஏற்காட்டுத் தோட்டங்களுக்கும் நாள்தோறும் ரொட்டி அனுப்ப வேண்டும். மாவை வைத்துச் சுட அவரிடம் இருந்ததோ மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, மூலைகளை ஈயத்தால் பற்றவைத்த தகரங்கள். செங்கல் அடுப்பின் சூட்டில் ஈயம் இளகி, மூலை வாய் பிளந்து, மாவு வெளியே வழிந்து கருகும். நல்ல தகரமாகச் செய்து தரும்படி சின்னண்ணன் எங்களிடம் வந்தார்.

“காச்சக்காரன் திங்கற பண்டத்துக்கு இத்தன பாடாங்க?” என்று அருணகிரியார் கேட்டார். கேட்டாரே தவிர, அன்று முதல் அவர் கண் மூலைகளின் மேலேயே இருந்தது. வெட்டினால் பற்றவைக்க வேண்டும். பற்றவைத்தால் அடுப்பு அதைப் பிரித்துவிடும். வெட்டாமல் மூலை எப்படி வரும்?

விடை வெண்ணந்தூர்ப் பாதையில் ஒரு பனைமரத்தடியில் கிடைத்தது. பதநீர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தவர், பாதியில் நிறுத்தி, கையிலிருந்த ஓலைப் பட்டையையே உற்றுப் பார்த்தார். ஒரே ஓலை. வெட்டு இல்லை, தையல் இல்லை, மடிப்பு மட்டுந்தான். ஒரு சொட்டு ஒழுகவில்லை. மிச்சப் பதநீரைத் தரையில் கொட்டிவிட்டு ஓலையைப் பிரித்துப் பிரித்து மடித்தாராம். “குடிக்கறதுக்குக் குடுத்தா வெளையாடறதப் பாரு” என்று பதநீர்க்காரர் வைததைக்கூட அருணகிரியார் தம் வாயாலேயே எங்களிடம் சொல்லியிருக்கிறார்.

அந்த நனைந்த ஓலையோடு பட்டறைக்கு வந்தவர், தகட்டின் மூலையை வெட்டாமல் காதுபோல் மடித்து, வெளிப்புறமாகச் சாய்த்து, அந்தக் காதின் நுனியை விளிம்புக்குள் செருகினார். விளிம்புக்குள் கம்பி வைத்துச் சுருட்டினார். கவிழ்த்தால் ரொட்டி தானே விழும்படி வாயைச் சற்று அகலமாகவும் அடியைச் சற்றுக் குறுகலாகவும் வைத்தார். தோசைக்கல்லைப் பழக்குவதுபோல எண்ணெய் தடவிச் சூடேற்றிப் பழக்கினார். நல்ல தகரம்! அதன் அடியில், வழக்கப்படி, எங்கள் தகப்பனார் பெயரை வெட்டினோம்.

ஓராண்டு குறையொன்றும் இல்லை. அடுத்த மழைக்காலம் முடிந்தபின் ஒரு பிற்பகலில், சின்னண்ணன் தகரங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு பட்டறை வாசலில் வந்து நின்றார். கூடவே, அவர் கடையில் தகரம் துடைக்கும் அத்தாயியும் வந்தார்.

“ஏனுங்க காளியப்பரே, இந்தக் கூத்தப் பாருங்க. ரொட்டிக்கு அடியில துரு! வாங்குனவன் ரயிலு சன்னல்லயிருந்து எம்மூஞ்சிக்கே வீசிப்போட்டுப் போறான். எல்லாம் இவ பண்ணுன வேல. தேய்க்காதடீன்னு சொல்லச் சொல்லப் புளியும் மண்ணும் போட்டுத் தேச்சிருக்கறா. இன்னியோட இவள நிறுத்திப்போடறேன்” என்றார் சின்னண்ணன்.

“நானு தேச்சனாம்!” என்று அத்தாயி வெடித்தார். “துணியில தொடச்சு எண்ணெ தடவி வெக்கறேனுங்க. பச்சத் தண்ணி காட்டறதில்ல. தோசக்கல்லப் புளி போட்டுத் தேய்க்கறவளாட்டவா இருக்குது என்ற மூஞ்சி? தேச்சேன்னு சொல்றவங்க கண்ணுல அந்தப் புளியக் கரைச்சு ஊத்த!”

“பாத்தீங்களா வாயி!”

“வாயி இருக்கங்காட்டித்தானுங்க ரெண்டு புள்ளைங்கள வெச்சுப் பொழச்சுக் கெடக்கறேன். அதையும் மூடிக்கிட்டா அடுப்பையும் மூட வேண்டியதுதான்.”

நின்றவர்கள் சிரித்தார்கள். எதற்கும் முதல் ஆளாகச் சிரிக்கும் அருணகிரியார் அன்று சிரிக்கவில்லை. ஒரு தகரத்தைக் கையில் எடுத்து விரலால் தடவிக்கொண்டிருந்தார். பக்கங்களில் எண்ணெய்க் கருப்பு அப்படியே இருந்தது; மூலைகளிலும் இருந்தது. தேய்த்திருந்தால் அங்கேதான் முதலில் போயிருக்கும். துரு இருந்தது அடியின் நடுவில் மட்டும், ஒரு விரல் நீளத்துக்கு, ஒரே வரிசையாக. உளி பட்ட இடமெல்லாம் தகரத்தின் மேல்பூச்சு உடைந்து, அதன் வழியாக ஈரம் இறங்கிப் புள்ளி புள்ளியாகத் துளைத்திருக்கிறது. தகரத்தைத் தின்றது புளியன்று, பெயர்!

அதை எப்படிச் சொல்வது? சொன்னால், ஊரார் முன்னிலையில் பெரியசாமியின் பெயர் துருப்பிடித்தது என்று ஆகும். அருணகிரியார் குடியிருந்ததோ எங்கள் வீட்டில். அடுத்த மாதம் அவர் மகள் குஞ்சம்மாளுக்குக் கல்யாணம். சீர்ப் பாத்திரங்களை இந்தப் பட்டறையில்தான் தட்டிக்கொண்டிருந்தோம். சொல்லாவிட்டால், அத்தாயியின் பிழைப்பு அந்த வாசலிலேயே போய்விடும். அந்தச் சிறு பொழுதில் அவர் நெற்றியில் அரும்பிய வேர்வையை, உலையின் வேர்வை என்றுதான் நாங்கள் எண்ணினோம்.

“அண்ணங்க, செத்த கொல்லப்பக்கம் வாங்க” என்றார் காளியப்பரிடம்.

“என்ன, இங்கயே சொல்லு.”

“சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்க. பாக்கறதுக்குத்தான்.”

பின்கட்டில் மேற்கு வெயில் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. அருணகிரியார் தகரத்தின் அடிப்பக்கத்தை வெயிலுக்குக் காட்டிப் பிடித்தார். காளியப்பர் மார்பில் கிடந்த வெள்ளைத் துண்டின் மேல் தகரத்தின் நிழல் விழுந்தது; நிழலின் நடுவே ஒளிப்புள்ளிகள் விழுந்தன. காளியப்பர் குனிந்து பார்த்தார். தலைகீழாகத் தெரிந்தாலும் பெற்ற தகப்பன் பெயர் தெரியாமலா போகும்? துண்டை அசைக்காமல் நெடுநேரம் பார்த்தார். அருணகிரியாரின் கை கடுத்தது, இறக்கவில்லை.

“அங்கயே சொல்றதுக்கென்ன?” என்று கடைசியில் கேட்டார் காளியப்பர்.

“அந்தப் பேர வாசல்ல வெச்சுச் சொல்ல நான் ஆருங்க?”

காளியப்பர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நிமிர்ந்த முதுகோடு வாசலுக்கு வந்தார். அவரே சொன்னார்: “சின்னண்ணா, அந்தப் புள்ள மேல குத்தமில்ல. தகரம் எங்களுது, குத்தமும் எங்களுது. அத்தனையும் மாத்திக் குடுக்கறோம். நாலு பேருக்கு முன்னால அவள அழ வெச்சயில்ல? நீயே கூட்டிக்கிட்டுப் போயி வேலையில உடு.”

“நானெங்கீங்க அழுதேன்?” என்றார் அத்தாயி, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி.

அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. பட்டறைக்குத் தொல்லை அப்போதுதான் தொடங்கியது. பெயர் வெட்டினால் தகரம் தாங்காது. பெயர் இல்லாத பொருள் வாசலைத் தாண்டாது. “அப்படீன்னா ரொட்டித் தகரமே நமக்கு வேண்டாம்” என்றார் காளியப்பர். பேச்சுக்குச் சொல்பவரல்லர் அவர். சின்னண்ணனுக்குக் கொடுத்த வாக்குக்காக மாற்றுத் தகரங்கள் தட்டி முடிந்தன. முடிந்தவை பெயருமில்லாமல் போக்கிடமும் இல்லாமல் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன. ஓலை மடித்துக் கண்ட தம் கைவேலை இப்படி மூலையில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே அருணகிரியார் சோறு உண்டார். பேசவில்லை. அவர் பேசாத பட்டறை எப்படி இருக்கும் என்பதை அந்தச் சில நாட்களில்தான் நாங்கள் கண்டோம். மறுபடி காண வேண்டாமென்று வேண்டிக்கொண்டோம்.

பிறகு ஒரு காலையில் அவர் குரல் கேட்டது. “அண்ணங்க! பேருக்குத் தனியா ஒரு ஊடு கட்டியிருக்கறேன், வந்து பாருங்க.”

நான்கு தகரங்களை விரல் இடைவெளி விட்டு வரிசையாக நிறுத்தி, அவற்றைச் சுற்றித் தடித்த இரும்புப் பட்டை ஒன்று கட்டியிருந்தார். தகரத்தில் ஒரு துளைகூட இல்லை. விளிம்பின் சுருட்டலே பட்டையைக் கவ்விக்கொண்டிருந்தது. பட்டையின் நெற்றியில், எட்ட நின்றே படிக்கும்படி, பெரியசாமி என்று வெட்டியிருந்தார். தடித்த இரும்பு, உளிக்கும் அஞ்சாது, அடுப்புக்கும் அஞ்சாது, ரொட்டி மேலும் படாது.

காளியப்பர் எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினார். “பெருசாத்தான் வெட்டியிருக்கற.”

“அடியில ஒளிஞ்சு கெடந்ததுங்க. இப்ப முன்னால நிக்குது.”

“ம். வண்டியக் கட்டு.”

அந்தப் பட்டையால் விளைந்த நன்மைகளை ரொட்டிக்கடைக்காரர்கள்தான் சொல்ல வேண்டும். ஒரே இழுப்பில் நான்கு ரொட்டி வெளியே வரும். இடைவெளியில் சூடு புகுந்து பக்கமெல்லாம் ஒன்றுபோல் வேகும். தகரம் ஒன்றோடொன்று மோதி நசுங்காது. பிறகு போர்க்காலத்தில் தகடு கிடைக்காமல் கடைகள் தவித்தபோது, எங்கள் தகரம் வைத்திருந்தவர்கள் புதிதுக்கு அலையவில்லை. அன்று வண்டியேறிப் போனவற்றில் பல இன்னமும் சின்னண்ணன் அடுப்புக்குள் போய்வந்துகொண்டிருக்கின்றன. இதை அருணகிரியாரின் அறிவு என்பார்கள், மெய்தான். பெயரில்லாத பொருள் வாசலைத் தாண்டாது என்று ஒருவர் ஊன்றி நின்றதால்தான் அந்தப் பட்டை பிறந்தது என்பதையும் அவையோர் மறக்க வேண்டாம்.

அருமை நண்பரே, இனி உம்மிடம் திரும்புகிறோம்.

உம்மிடம் குறையில்லை என்று சொன்னால் நீரே சிரிப்பீர். மல்லசமுத்திரத்துக்குத் துக்கம் கேட்கப் போன இடத்தில், பக்கத்து ரொட்டிக்கடைக்குள் புகுந்து, உம் தகரத்தைக் கவிழ்த்துப் பார்த்து, எண்ணெய் போதாதென்று கடைக்காரரோடு சண்டை பிடித்தவர் நீர். புதிதாக வந்தவர்கள் மடித்த மூலையைக் கண்டால், “இதென்ன மூல, நாய்க்காதாட்ட!” என்று தெரு கேட்கச் சொன்னவர் நீர். சொன்ன கையோடு உட்கார்ந்து, அந்த மூலையைப் பிரித்து மறுபடி மடித்துக் காட்டியவரும் நீரே. ஆனால் எங்கள் வீட்டின் மானம் ஒரு சொல்லில் தொங்கிய அந்த ஒரு பிற்பகலில், ஓயாத உம் வாய் ஓய்ந்திருந்தது. அத்தாயியின் பிழைப்பும் நிலைத்தது, எங்கள் பெயரும் நிலைத்தது. பேசிப் பெற்ற புகழைவிட உமக்கு அதுவே பெரிது, ஐயா!

முன்வரிசையில் அத்தாயி தம் கையாலேயே அடுப்பேற்றி எடுத்த ரொட்டியோடு உட்கார்ந்திருக்கிறார். இன்று நீர் அதை உண்டே ஆக வேண்டும். உமக்குக் காய்ச்சல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

வெண்ணந்தூரில் மகள் குஞ்சம்மாளும் பேரப்பிள்ளைகளும் சூழ, கண்ணொளி குன்றாமல், கைநடுக்கம் காணாமல், பதநீர்க் காலந்தோறும் பனைமரத்தடியில் பட்டை ஏந்தி நீர் நெடுங்காலம் நலமே வாழ்க! இம்முறையேனும் பதநீரைக் கீழே கொட்டாமல் குடித்து முடிப்பீராக!

எங்கள் அன்பின் அடையாளமாக, அண்ணன் காளியப்பர் இந்த முதிய வயதில் தாமே உட்கார்ந்து தட்டிய பித்தளைத் தவலை ஒன்றை அவர் கையாலேயே உமக்கு வழங்குகிறோம். அதைக் கவிழ்த்துப் பார்ப்பீர். உமது பழக்கம் நாங்கள் அறியாததா? அடியில் பெயர் இராது. பித்தளையைப் பெயர் கெடுக்காது என்பது எங்களுக்கும் தெரியும். நேற்றுத் தவலையைத் துடைத்து வைக்கும்போது, “பேரு வெட்ட மறந்துட்டீங்களாண்ணா?” என்று அவரிடம் கேட்டதற்கு, அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“ஊட்ட உட்டுப் போற சாமானுக்குத்தானடா பேரு” என்றார்.

இங்ஙனம்,
பெரியசாமி பட்டறைக் குடும்பத்தார் சார்பில்
காளியப்பர் தம்பி குழந்தைவேல்
மற்றும் பட்டறைப் பணியாளர் அனைவரும்

சூரமங்கலம்,
விய ஆண்டு, தைத் திங்கள்