கபடி மண்ணில் ஒரு தூக்கம்

திண்டுக்கல்லிலிருந்து நிலக்கோட்டை போகும் சாயங்காலப் பேருந்து. காலிப் பூக்கூடைகளில் மல்லிகை வாசம் இன்னும் போகவில்லை. பாதிப் பேருக்குக் கண் சொருகிக்கொண்டிருந்தது. முன் சீட்டில், தலைமுடியெல்லாம் செம்மண் ஒட்டியிருந்த ஒருவர் பக்கத்திலிருந்த பூக்காரரிடம் சொன்னார்:

"மேட்ச் அன்னிக்குக் காலையில கபடி கிரவுண்டு பூரா நான் உருண்டுருவேன்."

"கோயில்ல உருளுற மாதிரியாண்ணே?"

"அதேதான் அப்பு. சட்டையில்லாம. கல்லு, முள்ளு எது கெடந்தாலும் முதுகு சொல்லிரும். எடுத்து வீசிருவேன்."

"கூட்டுனாப் பத்தாதா?"

"நானும் கூட்டிக்கிட்டு இருந்தவன்தான். மண்ணுக்குள்ள ஒரு பாட்டில் துண்டு இருந்திருக்கு. நம்ம பய ஒருத்தனுக்கு முட்டி கிழிஞ்சு போச்சு. அதோட அவன் ஆட வரவே இல்ல."

ஜன்னலுக்கு வெளியே மலைக்கோட்டை மஞ்சள் வெயிலில் மெல்லப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"இன்னைக்கு என்ன குத்துச்சு?"

"ஒண்ணுமே குத்தல. மண்ணு மெத்துமெத்துன்னு இருந்துச்சு. நடுக்கோட்டுக்கிட்ட அப்படியே தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா ரெண்டு டீமும் சுத்தி நிக்குது. அம்பயர் விசில வாயில வச்சுக்கிட்டு ஊதாம நிக்கிறாரு."

"எழுப்பலியா?"

"ஏன்டா எழுப்பலன்னு நானும் கேட்டேன். 'நீங்க தூங்குற அளவுக்கு மண்ணு நல்லாருக்குல்ல, அது போதும்ணே. இன்னைக்குப் பயப்படாம விழுவோம்'னானுக."